எஸ்பிஎன் 1347 வந்தபோது கோளாறு எங்கே இருந்தது?

மாதவரம், லாரி எலக்ட்ரீஷியன்:

காமன் ரெயில் பம்பில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான 'ரெயில்' குழாய்க்கு உயர் அழுத்தத்தில் டீசலைத் தள்ளும் பம்பு) டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வுக்கு மின்கோளாறு என்று ஸ்கேனர் சொல்லி, அதன் பின்னால் அலைந்தவர்கள் இங்கே எழுதுங்கள். கோளாறுக் குறியீடு லாரியில் எஸ்பிஎன் (எந்தப் பாகம் என்று சொல்லும் எண்) 1347, கார், வேனில் பி0001 முதல் பி0004 வரை அல்லது பி0251 வரிசை, எதுவானாலும் சரி. ஒரே ஒரு வேண்டுகோள்: "வால்வை மாற்றினேன், சரியாகிவிட்டது" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். வால்வை மாற்றும்போது கனெக்டரையும் கழற்றி மாட்டுகிறோம், ஒயரையும் அசைக்கிறோம். எதனால் சரியானது என்பது அந்த ஒரு வரியில் தெரிவதில்லை.

என்னிடம் வந்ததை முதலில் சொல்கிறேன். எண்ணூர்த் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லர். காலையில் ஒழுங்காக ஓடும். இன்ஜின் நன்றாகச் சூடேறி, மணலிப் பக்கம் பள்ளங்களில் விழுந்து எழும்போது இழுவை போய்விடும், எச்சரிக்கை விளக்கு எரியும். ஓரங்கட்டிச் சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடும். ஸ்கேனரில் 1347, கூடவே கோளாறின் வகையைச் சொல்லும் எண்ணான எஃப்எம்ஐ 5. அதாவது இன்ஜினை இயக்கும் கணினியான கன்ட்ரோல் யூனிட் எதிர்பார்த்த மின்னோட்டம் போகவில்லை, வழி எங்கோ அறுகிறது. அறுவது வால்வை இயக்கும் செம்புச் சுருளான காயிலாக இருக்கலாம், கனெக்டராக இருக்கலாம், ஒயராக இருக்கலாம், கன்ட்ரோல் யூனிட்டின் பின்னாகவும் இருக்கலாம். உரிமையாளரோ என்னிடம் வரும்போதே பம்பை மாற்றுவதற்கான மதிப்பீட்டுத் தாளைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

காயிலை அளந்தேன். குளிர்ந்திருக்கும்போது 3 ஓம். ஓட்டிச் சூடாக்கி மறுபடி அளந்தால் 3.7. டிரைவர் பதறிவிட்டார். "அண்ணே, ஏறுகிறது பாருங்கள்!" ஏறத்தான் வேண்டும். செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 3 ஓம் என்றால் 80 டிகிரியில் 3.7 வருவது இயல்பு. இவ்வளவு சிறிய ஓமை அளக்கும்போது மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து, அதில் காட்டும் 0.3, 0.4 ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள். நல்ல காயிலைக் கெட்டது என்று சொல்ல அந்த வித்தியாசமே போதும்.

அடுத்தது ஒயர். மீட்டரை வைத்தால் 'பீப்' சத்தம் கேட்டது. பலர் இத்துடன் ஒயருக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். மீட்டர் உள்ளே அனுப்பும் மின்சாரம் மில்லிஆம்பியர் கணக்கு. ஒயரில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் அது போய்விடும். வால்வுக்கு ஓர் ஆம்பியரோ அதற்கு மேலோ வேண்டும். அதனால் நான் இண்டிகேட்டர் பல்பைத்தான் நம்புகிறேன். 24 வோல்ட், 21 வாட் பல்பு ஓர் ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். இரண்டு பக்கக் கனெக்டரையும் கழற்றிவிட்டு, ஒயரின் ஒரு முனையில் ஃபியூஸ் வழியாகப் பேட்டரியின் பாசிட்டிவ், மறுமுனையில் பல்பு, பல்பின் அடுத்த கால் எர்த். இரண்டு ஒயரையும் ஒவ்வொன்றாக இப்படிப் பார்க்க வேண்டும். கனெக்டர் பின்னுக்குள் தடித்த கம்பியைத் திணிக்காதீர்கள். அளவான பின்னை வைத்துத்தான் இணைக்க வேண்டும்.

முதல் ஒயரில் பல்பு பளிச்சென்று எரிந்தது. இரண்டாவதிலும் எரிந்தது. எரிந்துகொண்டிருக்கும்போதே ஒயர்க் கட்டைப் பம்பிலிருந்து பின்னோக்கி ஒரு சாண், ஒரு சாணாகப் பிடித்து மடக்கிக்கொண்டே போனேன். பிராக்கெட்டுக்குச் சற்று முன்னால் மடக்கியதும் பல்பு சிவந்து, மங்கி, அணைந்தது. டேப்பைப் பிரித்தால் மேலுறையில் கீறல்கூட இல்லை. விரலால் தடவியபோதுதான் ஊசி நுழைந்த அளவில் ஒரு துளை தட்டுப்பட்டது. உறையைச் சீவிப் பார்த்தேன். செம்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சைத் தூள். அதற்குள் இரண்டு மூன்று இழைகள்தான் மினுங்கின.

யாரோ எப்போதோ சோதனை விளக்கின் ஊசியால் ஒயரைக் குத்திப் பார்த்திருக்கிறார்கள். எண்ணூர்க் காற்றில் உப்பு உண்டு, மழைத் தண்ணீர் உண்டு. மிச்ச வேலையை அவை பார்த்துக்கொண்டன. ஒயரைக் குத்துகிற பழக்கத்தை இந்தக் கடலோர ஊரில் நான் குற்றமாகவே சொல்வேன். கனெக்டரின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய பின்னை நுழைத்து அளக்க முடியும்போது எதற்காகக் குத்த வேண்டும்?

பெருங்குடி, குடியிருப்புச் சங்கச் செயலாளர்:

எனக்கு லாரி தெரியாது, மின்சாரம் தெரியும். எங்கள் குடியிருப்பில் இருப்பது 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய மாசு விதிப்படி செய்யப்பட்ட ஜெனரேட்டர். முன்பிருந்ததில் மெக்கானிக்கல் பம்பு, இதில் எல்லாம் கன்ட்ரோல் யூனிட்டின் கையில். மழைக்காலத்தில் மின்சாரம் போனது. செல்ப் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. லிஃப்ட் நின்றுவிட்டது, மேல்மாடிப் பெரியவர்கள் எனக்குத் தொலைபேசியில் அர்ச்சனை.

பராமரிப்பு ஒப்பந்தக்காரர்கள் அனுப்பிய இளைஞர் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்தார். அதே 1347, ஆனால் எஃப்எம்ஐ 6. மின்னோட்டம் அதிகம், அல்லது எர்த்தில் தட்டுகிறது என்று பொருள். "வால்வு உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது, மாற்ற வேண்டும் சார்" என்றார். நான் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, வால்வின் கனெக்டரைக் கழற்றிவிட்டுச் சாவியைப் போடுங்கள். ஷார்ட் வால்வுக்குள் இருந்தால், வால்வே இல்லாதபோது 6 எப்படி வரும்?" கழற்றினார், பழைய குறியீட்டை அழித்தார், சாவியைப் போட்டுச் சுற்றினார். 6 போய் 5 வந்திருந்தால் வால்வு குற்றவாளி. வந்தது மறுபடியும் 6. ஆக, ஷார்ட் ஒயரில், அல்லது கன்ட்ரோல் யூனிட்டில். கன்ட்ரோல் யூனிட் பக்கத்தையும் கழற்றி, அந்த ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்ததும் விடை வந்துவிட்டது.

வேலையைப் பார்த்தது எலி. கூண்டுக்குள் கதகதப்பு, ஆள் நடமாட்டம் இல்லை, வேறென்ன வேண்டும்? உறையைக் கொறித்து, வெறும் செம்பு இன்ஜின் பிளாக்கில் சாய்ந்து கிடந்தது. ஒயரைச் சரிசெய்து, கேபிள் நுழையும் துளைக்கு வலை அடித்தோம். வால்வு இன்றும் பழையதுதான். ஒப்பந்தக்காரர்கள் அனுப்பிய மதிப்பீட்டை அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பாடி, டீசல் பம்பு கடை:

எல்லோரும் சேர்ந்து பம்பு கடைக்காரனை அடிக்கிறீர்கள், அடியுங்கள். ஆனால் காயில் கெடவே கெடாது என்று யாராவது முடிவு கட்டினால் அதுவும் தவறு. குளிரில் சரியாக ஓம் காட்டிவிட்டு, சூட்டில் மட்டும் அறுந்துபோகும் காயில்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. மீட்டரை மாட்டியபடியே ஹாட் ஏர் கன்னால் மெதுவாகச் சூடேற்றுங்கள். மாதவரம் அண்ணன் சொன்னதுபோல ஓம் சீராக ஏறினால் நல்லது. ஏறிக்கொண்டே வந்து சட்டென்று முடிவிலிக்குத் தாவினால் காயில் போய்விட்டது. பிளாஸ்டிக் உருகும் அளவுக்குப் போகாதீர்கள், டீசல் வடியும் இடத்தில் வைத்துச் செய்யவும் செய்யாதீர்கள்.

இன்னொன்று. 3, 4, 5, 6 ஆகிய எஃப்எம்ஐ எண்கள்தான் மின்சாரம் பேசுபவை. 7 வந்தால் கட்டளை போகிறது, வால்வு சொன்னபடி கேட்கவில்லை என்று பொருள். வால்வுக்குள் பிஸ்டன் சிக்கியிருக்கலாம், டீசலில் தண்ணீர், துரு இருக்கலாம். காரில் பி0087, பி0088 வந்தாலும் அப்படித்தான். அது ரெயில் பிரஷர் குறைந்தது, கூடியது என்கிற விளைவு. அதற்குப் போய் ஒயரிங்கை முழுவதும் பிரித்துப் போடுகிறவர்களையும் பார்க்கிறேன். முதலில் டீசல் ஃபில்டரைப் பாருங்கள்.

மின்சாரம் இல்லாதபோது வால்வு திறந்திருக்குமா, மூடியிருக்குமா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாஷ் கம்பெனியின் சிபி3 பம்பில் பெரும்பாலும் திறந்திருக்கும். ஒயர் அறுந்தால் டீசல் முழு அளவில் போகும், ரெயிலின் நிவாரண வால்வு திறந்துகொள்ளும், வண்டி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு இழுவையில்லாமல் ஓடும். டென்சோ கம்பெனி பம்புகளில் இரண்டு வகையும் உண்டு. மூடியிருக்கும் வகை என்றால் ஒயர் அறுந்ததும் இன்ஜின் நின்றுவிடும். ஒரே கனெக்டர், ஒரே உருவம் என்று நம்பி வாங்கிய வால்வை மாட்டிவிட்டு, "புது வால்வும் கெட்டுவிட்டது" என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. பார்ட் நம்பரைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. சில வண்டிகளில் மாற்றிய பிறகு கன்ட்ரோல் யூனிட் கற்றுவைத்த பழைய மதிப்பை ஸ்கேனர் வழியாக அழித்து, மறுபடி கற்கவிட வேண்டும்.

வேளச்சேரி, வேன் மெக்கானிக்:

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வேன் ஒன்று. ஆயில் மாற்றி, டேங்கைக் கழுவி, ஓடவிட்டாகிவிட்டது. அடுத்த கோடையில் பி0001 வந்து வந்து போனது. காயில் சரி, ஒயரும் சரி. கனெக்டரைப் பிரித்தால் பின்கள் பளபளவென்றுதான் இருந்தன. வெள்ளத்துக்குப் பிறகு யாரோ நன்றாகத் துடைத்திருக்கிறார்கள். துடைத்த வேகத்தில் பெண் பின்னின் வாய் அகன்றுவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதே அளவில் ஓர் ஆண் பின்னைத் தனியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துளையிலும் செருகி இழுத்துப் பாருங்கள். ஒன்று இறுக்கமாகப் பிடிக்கும், இன்னொன்று வெண்ணெயில் கத்திபோல நழுவி வரும். நழுவியதை மாற்றினேன், முடிந்தது. ஊசியால் நெருக்கிவிடுவது தற்காலிகம்தான். அதிர்வில் மறுபடி விரிந்துவிடும்.

ஒரு சந்தேகம், மாதவரம் அண்ணனுக்கு. வால்வைக் கழற்றி நேராகப் பேட்டரி கொடுத்து 'டிக்' சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறார்களே, அது சரியா?

மாதவரம், லாரி எலக்ட்ரீஷியன்:

செய்யாதீர்கள், தம்பி. கன்ட்ரோல் யூனிட் இந்த வால்வுக்கு மின்சாரத்தை விட்டு விட்டு, துடிப்பாகத்தான் கொடுக்கிறது, சராசரி ஓர் ஆம்பியர், ஒன்றரை ஆம்பியர் அளவில் நிற்கும்படி. 3 ஓம் காயிலுக்கு நேராக 24 வோல்ட் கொடுத்தால் 8 ஆம்பியர், 190 வாட்டுக்கு மேல் சூடு. 12 வோல்ட்டிலும் 4 ஆம்பியர். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், நல்ல வால்வும் அதோடு போய்விடக்கூடும். சத்தம்தான் கேட்க வேண்டும் என்றால் அதே 21 வாட் பல்பை வால்வோடு வரிசையில் சேர்த்துக் கொடுங்கள், பல்பு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். ஸ்கேனரில் வால்வை இயக்கிப் பார்க்கும் வசதி இருந்தால் இதுவும் தேவையில்லை.

இன்ஜின் ஓடும்போது ரெயில் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். உள்ளே அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும், காயம் வெளியே புள்ளியாகத்தான் தெரியும். அப்படி நேர்ந்தால் வலிக்கிறதா என்று காத்திருக்காமல் நேராக அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.