மெழுகால் செழித்த தெரு: ஜப்பானின் உச்சிகோவில் ஒரு பகல்

பழமை காக்கப்பட்ட ஜப்பானியத் தெரு என்றால் கியோத்தோவின் கியோன் பகுதியைத்தான் பலரும் சொல்வார்கள். எனக்கு மனம் ஒன்றிப்போனது ஷிகோகு தீவிலுள்ள உச்சிகோ என்னும் சிற்றூரில்தான். அதே தீவின் மத்சுயாமா நகரிலிருந்து விரைவு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது.

அங்குள்ள யோகாயிச்சி கோகோகு தெரு ஏறத்தாழ 600 மீட்டர் நீளமுள்ளது. இருபுறமும் வெளிர் மஞ்சள் பூச்சும் மரச்சட்டச் சன்னல்களும் கொண்ட வணிகர் வீடுகள். இவற்றை எழுப்பிய செல்வம் மெழுகிலிருந்து வந்தது. ஹாஸே மரத்தின் காய்களை இடித்து, ஆவியில் வேகவைத்துப் பிழிந்தெடுத்த மெழுகை உருக்கி, தண்ணீரில் ஊற்றிச் செதில்களாக்கி, வெயிலில் பரப்பி வெளுக்க வைத்து விற்றிருக்கிறார்கள். கமிஹாகா குடும்பத்தின் மாளிகையில் அந்த வேலைமுறை முழுவதையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பின்னாளில் பாரபின் மெழுகும் மின்விளக்கும் வந்து தொழில் நொடித்தது. இடித்துப் புதிதாகக் கட்டக் கையில் காசில்லாமல் போனதும் இவ்வீடுகள் பிழைத்ததற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

1975ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தனிக் கட்டடங்களை மட்டுமன்றித் தெருக்களையும் பாதுகாக்க வழிசெய்தது. 1982இல் இத்தெரு பாதுகாக்கப்பட்ட தெருக்களின் பட்டியலில் சேர்ந்தது. கட்டுப்பாடு பெரும்பாலும் வெளித்தோற்றத்துக்குத்தான். உள்ளே மக்கள் வழக்கம்போல் குடியிருக்கிறார்கள். திறந்த வாசலில் எல்லாம் எட்டிப் பார்க்கும் பயணிகளை (அன்றும் சிலர் இருந்தார்கள்) அவர்கள் எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறார்களோ!

நான் அதிக நேரம் நின்றது மெழுகுவர்த்திப் பட்டறையில். குச்சியில் காகிதத்தைச் சுற்றி, அதன்மேல் கோரையின் உட்சோற்றைச் சுற்றித் திரி செய்கிறார்கள். கைவினைஞர் வலக்கையால் குச்சிகளை உருட்டிக்கொண்டே, இளஞ்சூடான மெழுகை வெறும் இடது உள்ளங்கையால் அள்ளித் திரிகளின்மேல் தடவுகிறார். ஒரு பூச்சு உலர்ந்த பின்பே அடுத்தது. இப்படி ஏறிய வர்த்தியைக் குறுக்கே வெட்டினால் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்ற கோடுகள் தெரிகின்றன. குச்சியை உருவியதும் திரி உள்ளீடற்ற குழலாகிவிடுவதால், காற்று அதன் வழியே ஏறிச் சுடர் உயரமாக எரிகிறது.

சற்றுத் தள்ளி, 1916இல் கட்டப்பட்ட உச்சிகோசா என்னும் மர நாடக அரங்கு இருக்கிறது. சுழலும் மேடையை ஆட்கள் தோள்கொடுத்துத் தள்ளிய நிலவறைக்குள் இறங்கிப் பார்த்தபோது, மேலே பாயில் அமர்ந்து கபூகி என்னும் மரபு நாடகம் பார்த்தவர்களைவிடக் கீழே உழைத்தவர்களின் மேல்தான் என் எண்ணம் போயிற்று. அந்தத் தெருவில் பல கதவுகள் மாலை ஐந்துக்கெல்லாம் அடைபட்டுவிடுவதால், போக நினைப்பவர்கள் முற்பகலிலேயே போய்ச் சேருவது நல்லது.