முன்னணியில் இருக்கும்போது துணிந்தது தவறா? டெட்ராய்ட் ஆட்டமும் எங்கள் செவன்ஸ் இறுதியும்

கொழிஞ்சாம்பாறை பி.டி. மாஸ்டர்:

அனைவருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். மாலை நேரங்களில் ஊர்ப் பையன்களுக்கு, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து சொல்லித் தருகிறேன். எங்கள் பக்கத்தில் கால்பந்து என்றால் அதுதான். அமெரிக்கக் கால்பந்தை எனக்குப் பழக்கியவன் மிச்சிகனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன். அவன் ஆதரிக்கும் டெட்ராய்ட் லயன்ஸ் அணியே எனக்கும் அணியாகிவிட்டது.

ஒரு முடிவைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டும். விளையாட்டு தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். மூன்று முயற்சிகளில் முடியவில்லை என்றால், நான்காவதில் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பி 3 புள்ளி எடுக்கலாம். அல்லது மிச்சமிருக்கும் தூரத்தைத் துணிந்து முயன்று பார்க்கலாம். முயற்சி தவறினால் பந்து அந்த இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும்.

2024 ஜனவரி 28 அன்று சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் (49ers) அணியுடன், அவர்கள் மைதானத்தில், லயன்ஸுக்கு அரையிறுதிக்கு நிகரான ஆட்டம் நடந்தது. வென்றவர்கள் சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்துக்குப் போவார்கள். நமக்கு அது திங்கட்கிழமை விடியற்காலை 5 மணி. லயன்ஸ் கடைசியாகப் பட்டம் வென்றது 1957-இல். சூப்பர் பவுலுக்கு இதுவரை போனதே இல்லை. இடைவேளையில் லயன்ஸ் 24-7 என்று முன்னிலையில் இருந்தது. பால் கேனை சொசைட்டிக்குக் கொண்டுபோகும் நேரம் தவறிக்கொண்டிருந்தது. என் மனைவி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தானே கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் கால்பகுதியில் 24-10 என்றிருக்கும்போது, எதிரணியின் 28 யார்டு கோட்டில் நான்காவது முயற்சி, இன்னும் 2 யார்டு. உதைத்திருந்தால் ஏறத்தாழ 46 யார்டு தூரம். பயிற்சியாளர் டான் கேம்பல் உதைக்கவில்லை. ஜோஷ் ரெனால்ட்ஸின் கைக்கு வந்த பந்து நழுவி விழுந்தது. அந்தக் கால்பகுதி முடிவதற்குள் 24-24. கடைசிக் கால்பகுதியில் 27-24 என்று பின்தங்கி, ஏழரை நிமிடம் மீதமிருக்கையில், 30 யார்டு கோட்டில் 3 யார்டு தேவைப்பட்டபோதும் கேம்பல் உதைக்கவில்லை. அதுவும் தவறியது. முடிவு 34-31, தோல்வி. மறுநாள் அக்கா மகன் போனில், "மாமா, இரண்டு உதை, ஆறு புள்ளி, மூன்று புள்ளியில் தோற்றோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் போக அறுவடை முடிந்த வயலில் நடந்த செவன்ஸ் இறுதியில் எங்கள் பையன்கள் 1-0 என்று முன்னிலையில் இருந்தார்கள். முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது கார்னர் கிடைத்தது. பந்தை மூலையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தியிருக்கலாம். நானோ இரண்டாவது கோலுடன் ஆட்டத்தை முடித்துவிட நினைத்து, கடைசித் தடுப்பாட்டக்காரனையும் மேலே போகச் சொல்லிக் கைகாட்டினேன். அவர்களுடைய கோல்கீப்பர் பந்தைப் பிடித்து நீளமாக எறிந்தார். ஒருவன் தாள்கட்டை மேல் தனியாக ஓடிக் கோல் அடித்தான். பிறகு டைபிரேக்கரில் தோற்றோம். "மாஸ்டர்தான் தோற்கடித்தார்" என்று ஒரு தகப்பனார் என் முகத்துக்கு நேரே சொன்னார். அது எனக்குப் பெரிதில்லை. நான் மேலே அனுப்பிய பையனுக்குப் பதினாறு வயது. ஆட்டம் முடிந்ததும் பூட்ஸைக் கழற்றி, ஆணிகளில் சிக்கியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு, தலை நிமிராமல் வரப்பில் உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு அவன் பயிற்சிக்கு வரவில்லை.

கேம்பல் செய்தது தவறா? பலனை வைத்துத்தான் முடிவை எடைபோட வேண்டுமா? அந்தப் பையனிடம் நான் என்ன சொல்வது?

சித்தூர் கணக்கு வாத்தியார்:

மாஸ்டர், உங்கள் அக்கா மகன் போட்ட கணக்கிலேயே பிழை இருக்கிறது. இரண்டு உதையும் உள்ளே போயிருக்கும் என்று அவராகவே வைத்துக்கொள்கிறார். அந்தத் தூரத்தில் அந்த லீகின் கிக்கர்கள் நான்கில் ஏறத்தாழ மூன்று முறை வெற்றி பெறுகிறார்கள். இரண்டும் போக வேண்டும் என்றால் வாய்ப்பு பாதிக்குச் சற்றுதான் மேல். உதை தவறினால் பந்து உதைத்த இடத்திலிருந்து எதிரணிக்குக் கிடைக்கும்; அதாவது துணிந்து தோற்பதைவிட ஏழெட்டு யார்டு கூடுதலாக அவர்களுக்குக் கொடுத்துவிடுகிறோம். மறுபக்கம், 2 யார்டு தேவைப்படும் நான்காவது முயற்சி பாதிக்கும் சற்று அதிகமாகவே வெற்றி பெறுகிறது. வெற்றி பெற்றால் 3 புள்ளிக்குப் பதிலாக டச்டவுனுக்கு, அதாவது பந்தைக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்க் கூடுதல் உதையோடு எடுக்கும் 7 புள்ளிக்கு வழி திறக்கும், கடிகாரமும் நமக்காக ஓடும். இரண்டையும் தராசில் வைத்தால் முள் நடுவில்தான் நிற்கும். அப்படி நடுவில் நிற்கும் இடத்தில் ஒரு பயிற்சியாளர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதை மடமை என்று நான் சொல்லமாட்டேன்.

பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் டேவிட் ரோமர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. 1998 முதல் 2000 வரையிலான ஆட்டங்களின் முதல் கால்பகுதியை எடுத்துக்கொண்டு, பயிற்சியாளர்கள் நான்காவது முயற்சியில் தேவைக்கு மேல் உதைக்கிறார்கள் என்று அவர் காட்டினார். காரணத்தை நாமே ஊகிக்கலாம்: உதைத்துத் தோற்றால் கிக்கரைத் திட்டுவார்கள், துணிந்து தோற்றால் பயிற்சியாளரைத் திட்டுவார்கள்.

பலனை வைத்து எடைபோடுவது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இரண்டு ஆட்டங்களைச் சொல்கிறேன். 2009 நவம்பர் 15 அன்று நியூ இங்கிலாந்து அணி 34-28 என்று முன்னிலையில் இருந்தபோது, பந்தை எதிரணி பக்கம் நீளமாக உதைத்து அனுப்பாமல், தன்னுடைய 28 யார்டு கோட்டிலேயே நான்காவது முயற்சியைத் துணிந்தார் அதன் பயிற்சியாளர் பில் பெலிச்சிக். கொஞ்சத்தில் தவறியது, இண்டியானாபோலிஸ் 35-34 என்று வென்றது, நாடே அவரைத் திட்டியது. 2018 பிப்ரவரி 4 அன்று சூப்பர் பவுலில், 15-12 என்று முன்னிலையில் இருந்த பிலடெல்பியாவின் டக் பீடர்சன், இடைவேளைக்கு 38 விநாடி இருக்கும்போது எளிய மூன்று புள்ளியை வேண்டாம் என்று சொல்லி, பந்து எறிபவரான நிக் ஃபோல்ஸையே பந்தைப் பிடிக்க வைத்தார். அது பலித்தது, அணி 41-33 என்று வென்றது. பீடர்சனும் ஃபோல்ஸும் அந்த முடிவை எடுத்த காட்சியே இன்று பிலடெல்பியாவில் சிலையாக நிற்கிறது. அந்தப் பந்து ஃபோல்ஸின் கையிலிருந்து நழுவியிருந்தால், அதே முடிவுக்காகப் பீடர்சனை என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பொள்ளாச்சி பழைய ஸ்டாப்பர்:

வாத்தியார் ஐயாவின் கணக்கை நான் மதிக்கிறேன், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்கு ஆயிரம் ஆட்டத்துக்கு. அன்று ஆடியது ஒரே ஆட்டம், அதுவும் 1957-க்குப் பிறகு ஒரு ஊரே காத்திருந்த ஆட்டம்.

14 புள்ளி முன்னிலை என்றால் எதிரணிக்கு இரண்டு டச்டவுன் போதும். 17 என்றால் இரண்டும் போதாது, மூன்றாவது முறையும் வந்தாக வேண்டும். அந்த மூன்று புள்ளிக்கு இருந்த எடை வேறு எந்த மூன்று புள்ளிக்கும் கிடையாது. இரண்டாவது முடிவில் நான் இன்னும் உறுதியாக இருக்கிறேன்: சமன் செய்ய வாய்ப்பு, ஏழரை நிமிடம் மீதம், எதிரணி மைதானம், அதற்கு முன்னால் வரிசையாக அடி வாங்கிய பையன்கள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை அது. "துணிவுதான் எங்கள் அணியின் குணம்" என்பதும் முழு உண்மை இல்லை. இடைவேளைக்கு 7 விநாடி இருக்கும்போது 3 யார்டு தூரத்தில் நின்று அதே கேம்பல் உதைத்துத்தான் 24-7 ஆக்கினார். அப்போது சரியாகப் பட்டது பிறகு ஏன் படவில்லை?

மாஸ்டர், உங்களுக்கும் ஒளிக்காமல் சொல்கிறேன். இருபது வருடம் நான் கடைசியில் நின்று ஆடியவன். எல்லாரும் மேலே போகும்போது போகாமல் நிற்பவன்தான் ஸ்டாப்பர். அவனையும் அனுப்பினால் வீட்டைத் திறந்து போட்டுவிட்டுத் திருவிழாவுக்குப் போன மாதிரி.

கோவிந்தாபுரம் கபடிப் பயிற்சியாளர்:

எல்லாரும் அந்த இரண்டு உதையையே பேசுகிறீர்கள். அந்த ஆட்டத்தில் எனக்குத் தெளிவாகத் தவறாகப் பட்ட முடிவு வேறு. அதைப் பற்றி ஊரில் பேச்சே இல்லாதது எனக்கு வருத்தம்.

கடைசியில் லயன்ஸ் 34-24 என்று பின்தங்கி, ஒரு நிமிடம் சொச்சம் மீதமிருக்கையில் எதிரணியின் 1 யார்டு கோட்டில் நின்றது. கையில் மூன்று டைம்-அவுட். பத்துப் புள்ளி பின்னடைவு என்பதால் இரண்டு முறை புள்ளி எடுத்தாக வேண்டும். ஆகவே அந்த நேரத்தில் டைம்-அவுட் ஒவ்வொன்றும் பொன். மூன்றாவது முயற்சியில் பந்தை எறிந்திருந்தால், பிடிக்காமல் போனாலும் கடிகாரம் தானாக நின்றிருக்கும். ஓடச் சொன்னார் கேம்பல். டேவிட் மான்ட்கோமரி 2 யார்டு பின்னால் தள்ளப்பட்டார், கடிகாரத்தை நிறுத்த ஒரு டைம்-அவுட் செலவானது. அடுத்த முயற்சியில் ஜேம்சன் வில்லியம்ஸ் டச்டவுன் எடுத்தார். 56 விநாடி மிச்சம். மூன்று டைம்-அவுட் இருந்திருந்தால் பந்தை நீளமாக உதைத்து, எதிரணியை மூன்று முயற்சியில் மடக்கி, கொஞ்ச நேரத்துடன் பந்தைத் திரும்ப வாங்கலாம் என்ற நம்பிக்கையாவது இருந்திருக்கும். இரண்டு மட்டும் இருந்ததால், பந்தைக் குட்டையாக உதைத்துத் தாங்களே பிடிக்கப் பார்க்கும், அரிதாகவே பலிக்கும் ஆன்சைடு கிக்கை நம்ப வேண்டியதாயிற்று. அதுவும் கைகூடவில்லை. முதல் இரண்டு முடிவிலும் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. இதில் ஒரு பக்கம்தான் இருந்தது.

கபடியில் இரண்டு ரெய்டு வெறுமனே திரும்பினால் மூன்றாவது 'டு ஆர் டை' ரெய்டு. புள்ளி எடுக்காமல் திரும்பினால் ரெய்டர் வெளியே. அந்த ரெய்டுக்கு யார் போவது என்று களத்தில் நின்று யோசிக்கும் அணி உருப்படாது. என் பெண் பிள்ளைகளுக்கு அது திங்கட்கிழமையே தெரிந்திருக்கும். வாரத்தில் மூன்று நாள், நாலு பேர் மட்டும் எதிரே நிற்க வைத்து அதையே ஆடுவோம். கேம்பல் 2021-இல் வந்த முதல் வருடம் மூன்றே ஆட்டம் வென்ற அணி அது. அங்கிருந்து நான்காவது முயற்சியைத் துணிந்து துணிந்துதான் வளர்ந்தார்கள். ரெனால்ட்ஸ் பந்தைத் தவறவிட்டார், உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆட்டத்துக்குப் பிறகு கேம்பலும் அந்த முடிவுகளுக்காக வருந்தவில்லை என்றும், கேள்விகள் வரும் என்பது தனக்குப் புரிகிறது என்றும் சொன்னார். ஆட்டக்காரர் பெயரைச் சொல்லி ஒதுங்கவில்லை.

மாஸ்டர், உங்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான். அந்தப் பையனைப் பயிற்சியில் ஒருமுறையாவது கார்னருக்கு மேலே அனுப்பியிருக்கிறீர்களா? அவன் போனால் அவன் இடத்தில் யார் நிற்பது என்று மற்றவர்களுக்குத் தெரியுமா? தெரியும் என்றால் உங்கள் முடிவு துணிவு; தோற்றாலும் நான் உங்கள் பக்கம். தெரியாது என்றால், ஸ்டாப்பர் ஐயா சொன்ன வீடு திறந்து கிடந்தது அந்தப் பையன் மேலே போனதால் இல்லை. காவலுக்கு யாரையும் சொல்லாததால். அதை அவனிடம் அப்படியே சொல்லிவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை பி.டி. மாஸ்டர்:

மூவருக்கும் நன்றி. கபடி அம்மாவின் கேள்விக்கு இரண்டு நாள் என்னால் பதில் எழுத முடியவில்லை. பதில் இதுதான்: பயிற்சியில் ஒருமுறைகூட அனுப்பியதில்லை. கைகாட்டிய அந்த நொடியில்தான் அது என் மனத்தில் தோன்றியது. கேம்பலின் முடிவையும் என் முடிவையும் ஒரே தட்டில் வைத்து இங்கே கேட்டதே சரியில்லை என்று இப்போது தெரிகிறது.

நேற்று மாலை அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். "நீ போனது என் பேச்சைக் கேட்டு. பின்னால் ஆள் வைக்காதது என் தவறு" என்று அவனுடைய அப்பா எதிரிலேயே சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வாசலில் கிடந்த ஏழு தேங்காய்த் தொட்டிகளை எடுத்து வரிசையாக வைத்து, ஒன்றை மட்டும் முன்னால் தள்ளி, "மாஸ்டர், நான் இங்கே போனால் லெப்ட் விங் பையன் இங்கே வர வேண்டும். ஆனால் அவனுக்குத் திரும்பி ஓட மூச்சு இருக்குமா?" என்று கேட்டான். இருட்டும் வரை தொட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தோம்.

பொள்ளாச்சி ஐயா, ஞாயிறு காலை 6 மணிக்கு இதை வயலில் ஆடிப் பார்க்கப் போகிறோம். கடைசியில் நிற்பவன் எங்கே நிற்க வேண்டும் என்று பையன்களுக்கு ஒருமுறை நின்று காட்ட நீங்கள் வர முடியுமா?

பொள்ளாச்சி பழைய ஸ்டாப்பர்:

வருகிறேன் மாஸ்டர். கோபாலபுரம் வழியாக முதல் பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். அந்த லெப்ட் விங் பையனை முன்கூட்டியே ஓட வைத்துப் பாருங்கள். பையன் கேட்ட கேள்வி சரியான கேள்வி.