ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட் போட்டேன், ஸ்டார் வருகிறது, ஆள் வரவில்லை

அரைப்புள்ளி:

பைத்தான் கற்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. சப்டைட்டில் படத்தோடு ஒட்டாமல் முந்தியோ பிந்தியோ வந்தால் சரிசெய்ய ஒரு சின்னக் கருவி எழுதியிருக்கிறேன். சப்டைட்டில் இருக்கும் எஸ்ஆர்டி ஃபைலைக் கொடுத்து எத்தனை நொடி தள்ள வேண்டும் என்று சொன்னால் தள்ளிக் கொடுக்கும். நான்கு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதியது.

கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றி, ரீட்மீயின் (அறிமுகக் குறிப்பின்) முதல் வரியிலேயே 'பங்களிப்பாளர்கள் தேவை, யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, தெரிந்த குழுக்களில் எல்லாம் பகிர்ந்தேன். பலன், 11 ஸ்டார் (பிடித்திருந்தால் போடும் குறி). அதில் ஒன்று நானே போட்டது. புல் ரெக்வஸ்ட் (இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) ஒன்றே ஒன்று வந்தது. ஆசையாகத் திறந்தால், ரீட்மீயில் ஒரு முற்றுப்புள்ளி சேர்த்திருந்தார்கள். (மெர்ஜ் செய்து சேர்த்துக்கொண்டேன். வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை.)

கோட் அவ்வளவு மோசமா? இல்லை, இன்னும் எங்காவது பகிர வேண்டுமா?

ஒற்றைவரி:

லைசென்ஸ் ஃபைலே இல்லையே. லைசென்ஸ் இல்லாத கோடுக்கு முழுப் பதிப்புரிமையும் உங்களுடையது. கிட்ஹப் விதிப்படி மற்றவர்கள் பார்க்கலாம், ஃபோர்க் செய்யலாம் (தங்கள் கணக்கில் ஒரு பிரதி எடுக்கலாம்), அவ்வளவுதான். எல்லாருக்கும் தெரியும்படி வைத்துவிட்டால் ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது. யார் எப்படிப் பயன்படுத்தினாலும் சரி என்றால் எம்ஐடி லைசென்ஸ் போடுங்கள். மாற்றி வெளியிடுபவர்களும் சோர்ஸைத் திறந்து வைக்க வேண்டும் என்றால் ஜிபிஎல் லைசென்ஸ்.

பழையடெர்மினல்:

ராத்திரி உங்கள் ரெப்போவை (புராஜெக்ட் இருக்கும் இடத்தை) க்ளோன் செய்து, என் கம்ப்யூட்டரில் இறக்கிப் பார்த்தேன். ஓட்டவே 40 நிமிடம் ஆயிற்று. முதலில், தேவையான ஒரு லைப்ரரி (ஏற்கெனவே எழுதி வைத்த கோட் தொகுப்பு) ரிக்வயர்மென்ட்ஸ் பட்டியலில் இல்லை. அதை நிறுவினால், வெளியீட்டு ஃபோல்டருக்கு உங்கள் கம்ப்யூட்டரின் முழுப் பாதையையே கோடுக்குள் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதையும் தாண்டினால் என் ஃபைலைப் படிக்காமல் நின்றுவிட்டது. அது பழைய விண்டோஸ்-1252 என்கோடிங்கில் (எழுத்துகளைச் சேமிக்கும் முறையில்) இருந்தது, உங்கள் கோட் எல்லாம் யூடிஎஃப்-8 என்ற வேறு முறையில் இருப்பதாக நம்பிப் படிக்கிறது. உச்சிக்குறி போட்ட ஓர் எழுத்து வந்ததும் தடுக்கி விழுந்துவிட்டது.

சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. நான் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தேன், அதனால் 40 நிமிடம் தாக்குப்பிடித்தேன். மற்றவர்கள் ஐந்தாவது நிமிடத்திலேயே போயிருப்பார்கள். அவர்கள் போனது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. இன்னும் எங்கே பகிரலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், புது கம்ப்யூட்டரில், ரீட்மீயில் உள்ளதை மட்டும் பார்த்து நீங்களே ஒருமுறை நிறுவிப் பாருங்கள்.

அப்புறம் அந்தக் கொட்டை எழுத்து வரி. அதை எடுத்துவிடுங்கள். பங்களிக்க ஆசைப்பட்டு யாரும் ரெப்போ தேடி அலைவதில்லை (அலைபவர்கள்தான் முற்றுப்புள்ளி வைக்கிறார்கள்). கருவியைப் பயன்படுத்தும்போது ஏதோ ஒன்று உறுத்தும், அதைச் சரிசெய்யத்தான் உள்ளே வருவார்கள். 1991 ஆகஸ்ட் 25 அன்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கான நியூஸ்குரூப்பில் (அந்தக் கால இணைய விவாதக் குழுவில்) எழுதியதைப் பாருங்கள். கை கொடுக்க ஆள் வேண்டும் என்று அதில் இல்லை. பொழுதுபோக்காக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் செய்கிறேன், மினிக்ஸில் உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்றுதான் கேட்டார்.

எனக்கு உறுத்தியது ஒன்று சொல்கிறேன். உங்கள் கருவி எல்லா வரியையும் ஒரே அளவு தள்ளுகிறது. என் ஃபைலில் தொடக்கம் ஒட்டுகிறது, போகப் போகப் பிந்துகிறது. நொடிக்கு 23.976 பிரேம் ஓடும் பிரதிக்கு எழுதிய சப்டைட்டிலை 25 பிரேமில் ஓடும் பிரதிக்குப் போட்டிருக்கிறேன். இரண்டு மணி நேரப் படத்தின் முடிவில் கிட்டத்தட்ட 5 நிமிடம் பிந்திவிடும். இதற்குத் தள்ளினால் போதாது, ஒவ்வொரு நேரத்தையும் பெருக்க வேண்டும்.

இதை கிட்ஹப்பில் ஒரு இஷ்யூவாக (செய்ய வேண்டிய வேலைக் குறிப்பாக) எழுதுங்கள். 'பிரேம் ரேட் சப்போர்ட் வேண்டும்' என்று ஒரே வரியில் நிறுத்தாதீர்கள். எந்த ஃபைல், எந்த ஃபங்ஷன், என்ன கொடுத்தால் என்ன வர வேண்டும், அத்தனையும் எழுதி, புதியவர்களுக்கு ஏற்ற வேலை என்று காட்டும் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' லேபிள் போடுங்கள். எழுதும்போதே 'இதை நானே பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேனே' என்று கை அரிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

என் முதல் புராஜெக்ட்டுக்கு நல்ல புல் ரெக்வஸ்ட் ஒன்று வந்தது. மூன்று வாரம் கழித்துத்தான் பதில் போட்டேன். பார்த்ததும் 'பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் கொடுங்கள்' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆள் திரும்பி வரவே இல்லை. இன்றும் நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது, என் மேல்தான்.

அரைப்புள்ளி:

நன்றி. லைசென்ஸ் எம்ஐடி போட்டாயிற்று, பாதையையும் லைப்ரரியையும் சரிசெய்துவிட்டேன். இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, மொழிபெயர்ப்பு ஏபிஐ (வெளிச் சேவையைக் கோடிலிருந்து அழைக்கும் வழி) ஒன்றைச் சோதித்தபோது அதன் கீ (ரகசியச் சாவி) கோடுக்குள்ளேயே இருந்தது. இப்போதுதான் பார்த்து, அழித்து கமிட் செய்துவிட்டேன் (மாற்றத்தைப் பதிவு செய்துவிட்டேன்). சரிதானே? இன்னொன்று, ஒருவர் 'தொடர்ந்து வேலை செய்யத் தயார், ரைட் ஆக்ஸஸ் (நேரடியாக மாற்றும் அனுமதி) கொடுங்கள்' என்று கேட்கிறார். கொடுக்கலாமா?

ஒற்றைவரி:

சரியில்லை. பழைய கமிட்டில் கீ அப்படியே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். முதலில் அந்தக் கீயை ரத்து செய்து புதிது வாங்குங்கள். ஹிஸ்டரியைக் கழுவுவதெல்லாம் அப்புறம்.

பழையடெர்மினல்:

ஆக்ஸஸ் இல்லாமலே ஃபோர்க் செய்து அவர் எவ்வளவு வேண்டுமானாலும் வேலை செய்யலாம், அதையே சொல்லுங்கள். கேட்பவர் எல்லாரும் கெட்டவர் இல்லை. ஆனால் 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் (ஃபைல் சுருக்கும் ஓப்பன் சோர்ஸ் கருவி) விவகாரத்தில் பின்கதவு வைத்தவர், இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒழுங்காகப் பங்களித்து நம்பிக்கை சம்பாதித்துத்தான் பராமரிப்பாளர் ஆனார். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிய ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடித்தார். உங்கள் சப்டைட்டில் கருவிக்கு அந்த அளவு எதிரி இருக்க மாட்டார்கள்தான். இருந்தாலும் சாவியைக் கொடுக்க அவசரம் என்ன?

அரைப்புள்ளி:

கீயை மாற்றிவிட்டேன். அவரிடம் ஃபோர்க் செய்யச் சொன்னேன், இதுவரை பதில் இல்லை. பிரேம் ரேட் இஷ்யூ எழுதியாயிற்று. உதாரணமும் கொடுத்திருக்கிறேன்: 23.976-லிருந்து 25-க்கு மாற்றும்போது 01:00:00,000 என்பது 00:57:32,544 ஆக வேண்டும். பத்து நிமிட வேலைதான், கை பரபரக்கிறது. தொடவில்லை.

நூல்கண்டு:

இந்த இழையைச் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், அந்த எண் கண்ணில் பட்டது. 23.976 என்பது சுருக்கி எழுதுவது. உண்மையான மதிப்பு 24000/1001. அதை வைத்துப் போட்டால் 00:57:32,547 வரும். 3 மில்லிசெகண்ட் வித்தியாசத்தைப் பார்ப்பவர் யாரும் கவனிக்கப் போவதில்லை, ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. பின்ன வடிவிலேயே கணக்கிடும்படி எழுதி, டெஸ்ட்டும் சேர்த்துப் புல் ரெக்வஸ்ட் அனுப்பியிருக்கிறேன். உங்கள் உதாரணத்தை மட்டும் இஷ்யூவில் திருத்திவிடுங்கள்.