கக்கூஸ் படத்தைத் தூய்மைப் பணியாளர்களுக்கே போட்டுக் காட்டலாமா?

நூலகத்திண்ணை:

எங்கள் ஊர்க் கிளை நூலக மாடியில் வாசகர் வட்டம் சார்பில் மாதம் ஒரு ஆவணப்படம் போடுகிறோம். இருபது இருபத்தைந்து பேர் வருவார்கள், பாதிப்பேர் ரிட்டயர்டு வாத்தியார்கள். அடுத்த மாதம், கையால் மலம் அள்ளுபவர்களைப் பற்றி திவ்யபாரதி எடுத்த கக்கூஸ். 2017இல் பல ஊர்களில் போலீஸ் திரையிட விடாமல், அப்புறம் யூடியூபிலேயே ஏற்றினார்களே, அதே படம்தான்.

நம் பேரூராட்சித் தூய்மைப் பணியாளர்களையும் கூப்பிடுவோம், அவர்களைப் பற்றிய படத்தை அவர்கள் இல்லாமல் உட்கார்ந்து பார்ப்பது என்ன நியாயம் என்று கேட்டேன். உடனே ஒரு நண்பர், "தினமும் அள்ளுறவங்களை உட்காரவச்சு அதையே திரையில காட்டப் போறியா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொல்வதும் சரியாகப் படுகிறது, கூப்பிடாமல் விடுவதும் உறுத்துகிறது. திரையிட்ட அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். வேறு படம் போடலாம் என்றாலும் சரி.

டிவிடிப் பெட்டி:

முதலில் நீங்கள் படத்தை முழுசாகப் பார்த்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், நடுவில் எழுந்து போகத் தோன்றும் இடங்கள் நிறைய.

இன்னொரு யோசனை, ஆர்.பி. அமுதன் 2003இல் எடுத்த 'பீ'. அரை மணி நேரம்கூட வராது. மதுரையில் ஒரு தெருவைச் சுத்தம் செய்யும் பெண் பின்னாலேயே கேமரா போகும், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் டிவிடியைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான். ஒரு கல்லூரியில் இதைப் போட்டபோது முன்வரிசைப் பிள்ளைகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். திரையிலிருந்து என்ன நாற்றம் வரும், சொல்லுங்கள்.

அதே மாதம் ஒரு துப்புரவுத் தொழிலாளர் சங்க ஆபீசிலும் போட்டோம். அங்கே யாரும் மூக்கைப் பொத்தவில்லை. ஒரு அக்கா, "இப்படிக் குனிஞ்சே பெருக்குனா இடுப்பு போயிரும், நீள விளக்குமாறு குடுக்கலையா?" என்று கேட்டார். அப்புறம் பேச்சு முழுக்க கையுறை, பூட்ஸ், யாருக்கு எவ்வளவு பிடித்தம், எந்த மேஸ்திரி மோசம் என்றே போனது. படத்தைப் பற்றி என்னிடம் ஒரு கேள்விகூட வரவில்லை. எனக்கு அன்றைக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். அவர்கள் அழுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன் போல.

அனுமதி விஷயத்தை மறக்காதீர்கள். ஆவணப்படமானாலும் பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்று வேண்டும் என்பது 1952ஆம் ஆண்டுச் சட்டம். யாரும் கண்டுகொள்வதில்லை, யாருக்காவது பிடிக்காத வரை. இடம் அரசு நூலகம், நூலகரை மாட்டிவிடாதீர்கள்.

சும்மா ஒருத்தன்:

கசப்பாக ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். சாதியைப் பற்றி ஆவணப்படம் என்றால் கேமரா நேரே காலனிக்குள் போய்விடுகிறது. ஊர்த்தெருவில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம், "உங்க வீட்டு செப்டிக் டேங்க்கை யார் அள்ளுறா?" என்று மைக்கை நீட்டி எத்தனை படத்தில் பார்த்திருக்கிறீர்கள்? கக்கூஸ் நல்ல படம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நம்மைப் போன்றவர்கள் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டி டீ குடித்துவிட்டுக் கலைவதற்கு அதைப் போடுகிறோமோ என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு.

ஆஸ்கர் வரை போன படத்தைப் பற்றியே படத்தில் வந்தவர்கள் குறை சொன்னார்கள். உத்தரப் பிரதேசத்தில் பெண்களே நடத்தும் கபர் லஹரியா செய்தி நிறுவனத்தைப் பற்றி 2021இல் ரைட்டிங் வித் ஃபயர் வந்தது. பரிந்துரைப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. 2022 மார்ச்சில், விருது விழாவுக்குச் சில நாள் முன்பு அந்த நிறுவனமே, எங்கள் வேலையை ஒரு கட்சியைச் சுற்றியே காட்டியிருக்கிறீர்கள், முழுக் கதை அதுவல்ல என்ற பொருளில் அறிக்கை விட்டது. உலகம் கைதட்டினாலும் வீட்டுக்காரருக்குத்தானே தெரியும்.

கட்டிங் சாய்:

சும்மா ஒருத்தன் சாருக்கு: ஊர்த்தெருவுக்குள் போன படம் இருக்கிறது. ஆனந்த் பட்வர்தன் 14 வருடம் எடுத்த ஜெய் பீம் காம்ரேட் (2011). நான் மும்பைக்காரன், தாராவியில் வளர்ந்தவன், அதனால் எனக்கு இது கொஞ்சம் சொந்த விஷயம்.

1997 ஜூலை 11, காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்கு யாரோ செருப்பு மாலை போட்டுவிட்டார்கள். மக்கள் ரோட்டுக்கு வந்தார்கள், ரிசர்வ் போலீஸ் சுட்டதில் 10 பேர் செத்தார்கள். கேஸ் டேங்கரைக் கொளுத்தப் பார்த்தார்கள், அதனால்தான் சுட்டோம் என்று போலீஸ் சொன்னது. நாலு நாள் கழித்து விலாஸ் கோக்ரே என்ற பாடகர் தூக்குப் போட்டுக்கொண்டார். பட்வர்தனே எடுத்து 1985இல் வந்த 'பம்பாய்: அவர் சிட்டி' (Bombay: Our City) படத்தில் பாடியவர் இந்தக் கோக்ரே. படம் அந்தச் சாவிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆனால் எனக்கு மறக்காதது துப்பாக்கிச்சூடு இல்லை. அம்பேத்கர் நினைவு நாளான டிசம்பர் 6ஆம் தேதி லட்சக்கணக்கில் மக்கள் தாதரில் இருக்கும் அவர் நினைவிடமான சைத்யபூமிக்கு வருவார்கள். அந்தப் பகுதியில் இருக்கும் வசதியான ஆட்களிடம் பட்வர்தன் கேமராவைத் திருப்புவார். குப்பை, நாற்றம், இவங்க வந்தாலே அசிங்கம் என்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு சாவகாசமாகச் சொல்வார்கள். பட்வர்தன் சண்டை போடாமல் கேட்டுக்கொண்டே இருப்பார். உங்கள் வாசகர் வட்டத்துக்கு அந்தக் காட்சியே போதும். முழுப் படம் மூன்று மணி நேரத்துக்கும் மேல், இடைவேளையும் டீயும் இல்லாமல் ஓட்டாதீர்கள். இங்கே தலித் குடியிருப்புகளிலேயே திறந்தவெளியில் போட்டார்கள், ஜனம் நகராமல் பார்த்தது. பாட்டு அவர்களுடையது என்பதால் இருக்கலாம்.

நாலுமணி அலாரம்:

எங்கம்மா இருபத்தாறு வருஷம் துப்புரவு வேலை. மேலே எல்லாரும் நல்லாத்தான் பேசியிருக்கீங்க, ஆனால் திரையிடல் எத்தனை மணிக்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ராத்திரி ஏழு மணிக்கு வைத்தால் யாரும் வரமாட்டார்கள், விடிகாலை நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். மதியம் வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு வையுங்கள்.

முன்வரிசையில் உட்கார வைக்காதீர்கள். படம் முடிந்ததும் "இப்போது அக்கா பேசுவாங்க" என்று மைக்கைக் கையில் திணிக்காதீர்கள். எங்கம்மாவுக்கு ஒரு கூட்டத்தில் அப்படி நடந்தது. சால்வை போட்டார்கள், அம்மா ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்தார், மூன்று நாள் வீட்டில் சரியாகப் பேசவில்லை.

உருப்படியாக ஏதாவது செய்யணும் என்றால், கையால் மலம் அள்ள வைப்பது 2013 சட்டப்படி குற்றம் என்பதை ஒரு தாளில் அடித்துக் கொடுங்கள். சாக்கடையில் இறங்கிச் செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. நிரந்தர ஊனம் என்றால் 20 லட்சத்துக்குக் குறையக்கூடாது. நிறைய பேருக்கு இன்னும் பழைய தொகைதான் தெரியும்.

அப்புறம், கூப்பிடலாமா என்று எங்களைக் கேட்கிறீர்கள். அவர்களைக் கேட்டீர்களா?

நூலகத்திண்ணை:

கேட்கவில்லைதான். இன்று காலை ஐந்தரைக்கு, பணியாளர்களுக்கு மஸ்டர் (வருகைப் பதிவு) போடும் இடத்துக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒரு அம்மா, "படத்துல நாங்க வர்றோமா?" என்றார். இல்லை, வேறு ஊர்க்காரர்கள் என்றேன். "அப்ப உங்க வாத்தியாருங்களுக்குப் போடுங்க சார், எங்களுக்கு வேணும்னா ஒரு வடிவேலு படம் போடுங்க" என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான்.

கிளம்பும்போது இன்னொருவர் பின்னாலேயே வந்து, "ஈ.ஓ. வருவாரா சார்? அவர் முழுசா உட்கார்ந்து பார்க்கிறதா இருந்தா நான் வர்றேன்" என்றார். நாளைக்குச் செயல் அலுவலரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். மதியம் மூன்று மணிக்கு மாற்றியாகிவிட்டது. தாளும் அடிக்கிறோம். நாலுமணி அலாரம், அடிப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துக் கொடுக்க முடியுமா?