ஜெர்மனில ஹாலே யுனிவர்சிட்டி எப்படி? படிச்சவங்க, போய்ப் பார்த்தவங்க சொல்லுங்க

கோவைப்பையன்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஹாலே மார்ட்டின் லூதர் யுனிவர்சிட்டில எம்எஸ்சி அட்மிஷன் வந்திருக்கு, பாலிமர் சயின்ஸ், அக்டோபர்ல சேரணும். வீட்ல யாருக்கும் அந்த ஊர் பேரே தெரியல, மாமா வேற ஹைடல்பெர்க், மியூனிக்னு சொன்னா பரவால்ல, இது என்ன ஊருன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு, அம்மாவுக்கும் இப்போ பயம் வந்துருச்சு. 1694ல ஆரம்பிச்ச யுனிவர்சிட்டின்னு படிச்சேன், அதுக்கு மேல ஒண்ணும் தெரியல. அங்க இருக்குறவங்க, சுத்திப் பார்க்கப் போனவங்க உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க ப்ளீஸ்.

சாலே கரையோரம்:
தம்பி நான் இங்க வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. மொதல்ல காசு விஷயத்த மாமாகிட்ட சொல்லு. இந்த மாநிலத்துல நமக்கும் டியூஷன் ஃபீஸ் கிடையாது, செமஸ்டர் கட்டணம் மட்டும்தான். அவர் சொல்ற ஹைடல்பெர்க் பக்கம் நம்ம ஊர்லேர்ந்து போறவங்க செமஸ்டருக்கு 1500 யூரோ கட்டணும்.

ஒரே காம்பவுண்டு, ஒரே கேட்டுன்னு நெனச்சுட்டு வராத, டிபார்ட்மெண்ட் எல்லாம் ஊர் பூரா சிதறிக் கிடக்கும். சயின்ஸ் ஆளுங்களுக்கு ஆத்துக்கு மேற்கால வைன்பெர்க் கேம்பஸ், டிராம்ல போயிடலாம். பழைய மெயின் பில்டிங் ஊருக்குள்ள, வாசல்ல ரெண்டு சிங்கம் படுத்திருக்கும், வெயில் அடிச்சா அந்தப் படிக்கட்டு பூரா பசங்கதான். எனக்கு கிளாஸ் இல்லன்னாலும் அங்க போய் உக்காருவேன்.

டைம்டேபிள்ல 10 சி.டி.ன்னு போட்டிருந்தா பத்தேகாலுக்குத்தான் கிளாஸ், இது தெரியாம மொத நாள் பத்துக்கே போயி காலி ரூம்ல உக்காந்து தப்பான எடத்துக்கு வந்துட்டோமோன்னு அழுகையே வந்துருச்சு எனக்கு. கிளாஸ் முடிஞ்சதும் எல்லாரும் விரல் முட்டியால டெஸ்க்க டொக்கு டொக்குன்னு தட்டுனாங்க, ஏதோ கோவத்துல தட்டுறாங்கன்னு நெனச்சேன், அதுதான் இவங்க கைதட்டல். அந்தச் சத்தம் இப்போ எனக்கு ரொம்பப் புடிக்கும்.

ரூமுக்கு மட்டும் இன்னைக்கே அப்ளை பண்ணு, ஸ்டூடண்ட் ஹாஸ்டல்தான் பெஸ்ட். நான் லேட் பண்ணி வெளில எடுத்தேன், காலி பண்ணப்ப வீட்டு ஓனர் அட்வான்ஸ்ல பாதியப் புடிச்சுட்டாரு. டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும், அதுக்கும் மனசத் தயார் பண்ணிக்க.

ஊர்சுத்தி:
நான் லைப்சிக்ல வேலை பாக்குறேன், அங்கேர்ந்து ரயில்ல அரை மணி நேரம்தான், ரெண்டு மூணு தடவ போயிருக்கேன். ப்ரோ, உங்க மாமாவுக்கு இந்த யுனிவர்சிட்டி கதையச் சொல்லுங்க. ஜெர்மனில மொதல் மொதல்ல மெடிசின் டாக்டர் பட்டம் வாங்குன பொண்ணு டொரோத்தேயா எர்க்ஸ்லேபன், 1754ல, இங்கதான். இப்போ கானா இருக்குற எடத்துலேர்ந்து சின்னப் பையனா கொண்டு வரப்பட்ட ஆன்டன் வில்ஹெல்ம் ஆமோ 1727ல இங்க சேந்து படிச்சு பின்னாடி இங்கயே பாடமும் நடத்துனாரு. சீன ஞானி கன்ஃபூஷியஸோட போதனைய ஒசத்திப் பேசுனதுலேர்ந்து தகராறு முத்தி, தத்துவ வாத்தியார் கிறிஸ்டியான் வோல்ஃப் 1723ல 48 மணி நேரத்துல நாட்ட விட்டுப் போகணும், இல்லன்னா தூக்குன்னு ராஜா உத்தரவு போட்டாரு, ராஜா மாறினப்புறம் 1740ல திரும்பி வந்தாரு. ரேங்க் லிஸ்ட்ட மட்டும் பாத்து காலேஜ் எடுக்குறவங்களுக்கு இதெல்லாம் தெரியாமப் போறது எனக்கு நெஜமாவே வருத்தம்.

பொறையார் பொண்ணு:
யாரும் இத இன்னும் சொல்லலயே! வோல்ஃப துரத்தக் காரணமா இருந்ததுல ஃபிராங்க பாதிரியாரோட ஆளுங்களும் உண்டு, அதே ஃபிராங்க ஆரம்பிச்ச அனாதை இல்லமும் பள்ளிக்கூடமும்தான் ஹாலேவ நம்ம ஊரோட சேத்துச்சு. 1706ல தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு பாதிரியார் ஹாலேல படிச்சவர். தரங்கம்பாடி அச்சகத்துக்கு மொத தமிழ் அச்செழுத்த ஹாலேல வார்த்துதான் கப்பல்ல அனுப்புனாங்க, எழுத்து ரொம்பப் பெருசா இருந்ததால தரங்கம்பாடில சின்னதா மறுபடி வார்த்தாங்க. சீகன்பால்கு ஐரோப்பா போனப்ப மலையப்பன்னு நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் கூடவே போனாரு, அந்தப் பயணத்துல சீகன்பால்கு எழுதுன தமிழ் இலக்கணம் 1716ல ஹாலேல அச்சாச்சு.

நான் போன வருஷம் போனேன். அனாதை இல்லத்தோட மேல் மாடில பழங்கால மியூசியம், உத்தரத்துலேர்ந்து ஒரு முதலை தொங்குது, வண்ணம் பூசுன பீரோ வரிசையா நிக்குது. ஒரு பீரோல கண்ணாடிக்குப் பின்னாடி பனை ஓலைச்சுவடி. ஓரமெல்லாம் பழுத்து, எழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, புள்ளி கெடையாது. ரொம்ப நேரம் உத்துப் பாத்து ஒண்ணு ரெண்டு எழுத்துதான் கண்டுபுடிச்சேன். சீகன்பால்கு தரங்கம்பாடில கட்டுன புது எருசலேம் கோயில் வாசல்ல வெளாடி வளந்தவ நான், அந்த ஓலை எங்க ஊர்லேர்ந்து இவ்ளோ தூரம் வந்து இருக்குன்னு நெனச்சப்ப கண்ணு கலங்கிருச்சு. பக்கத்துல பழைய லைப்ரரி, நாடக மேடைல பக்கவாட்டுத் தட்டி வெப்பாங்கல்ல, அந்த மாதிரி புத்தக அலமாரி ரெண்டு பக்கமும் அடுக்கடுக்கா நிக்கும்.

தம்பி, யுனிவர்சிட்டியோட தியாலஜி டிபார்ட்மெண்ட் இப்பவும் அந்த வளாகத்துக்குள்ளதான், நீ சேந்த மொத வாரமே போயிட்டு வந்துரு.

கோவைப்பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாமாகிட்ட முழுசாப் படிச்சுக் காட்டுனேன், 1500 யூரோ கணக்கக் கேட்டதும் அமைதியாயிட்டாரு, அம்மா அந்த ஓலைச்சுவடி கதைய ரெண்டாவது தடவ படிக்கச் சொன்னாங்க. ஹாஸ்டல் ஃபார்ம் இப்பத்தான் அனுப்பினேன். அக்கா, உள்ள போட்டோ எடுக்க விடுவாங்களா? அம்மாவுக்கு அனுப்பணும்.