குடும்பக் குழுவில் சித்தப்பாவின் சாவி

சித்தப்பா: (கோப்பு) கையொப்பம்.பி12

சித்தப்பா: என் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ். புது லேப்டாப்பில் ஏற மாட்டேன் என்கிறது. யாராவது போட்டுப் பாருங்கள். பாஸ்வேர்டு என் பிறந்த வருடம்தான்.

கவிதா: ஐயோ சித்தப்பா! முதலில் அதை எல்லோர் போனிலும் அழிகிற மாதிரி நீக்குங்கள்.

சித்தப்பா: ஏம்மா, சான்றிதழ் என்பதே நாலு பேருக்குக் காட்டத்தானே?

கவிதா: வெறும் சான்றிதழ் என்றால் சுவரில்கூட ஒட்டலாம். உங்கள் பெயர், கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் பொதுச் சாவி, காலாவதி தேதி, வழங்கியவர் கையொப்பம், அவ்வளவுதான் இருக்கும். பி12 கோப்பில் கையெழுத்துப் போடுகிற தனிச் சாவியும் சேர்ந்து வரும். அது யார் கையில் இருக்கிறதோ, அவர் போடுவதும் உங்கள் கையெழுத்துதான்.

அத்தை: நீக்கிவிட்டார். விடு.

மாதவன்: என் போனில் தானாகவே டவுன்லோடு ஆகிவிட்டதே அத்தை.

சித்தப்பா: சரி, பாஸ்வேர்டை மாற்றிவிடுகிறேன்.

கவிதா: மாற்றினால் உங்களிடம் உள்ள நகலுக்குத்தான் புதுப் பூட்டு. மாதவனிடம் இருப்பது பழையதற்கே திறக்கும். இணையக் கணக்கு மாதிரி நாலு தடவை தப்பாகப் போட்டால் தடுக்கவும் இங்கே ஆள் இல்லை. அதிலும் பிறந்த வருடம்! வரிசையாக 100 வருடங்களைப் போட்டால் தீர்ந்தது.

பெரியப்பா: அதற்குத்தான் நான் யூஎஸ்பி டோக்கன் வைத்திருக்கிறேன், பென் டிரைவ் மாதிரி இருக்கும். சாவி அதைவிட்டு வெளியே வராது. பின் எண்ணைத் தப்பாகப் போட்டுப் போட்டு ஒருமுறை நானே பூட்டிக்கொண்டேன், அது வேறு கதை.

கவிதா: சித்தப்பா, வழங்கிய நிறுவனத்திடம் சொல்லி ரத்து செய்யுங்கள். ரத்தானவற்றின் பட்டியலில் அதன் எண் ஏறிவிடும். சரிபார்க்கும் மென்பொருள் அதைப் பார்த்து ஒதுக்கிவிடும்.

சித்தப்பா: என்னவென்று சொல்வது, அசிங்கமாக இருக்கிறதே. நாலு மாதத்தில் தானாகவே காலாவதி ஆகிவிடும்.

கவிதா: நாலு மாதத்தில் எத்தனை கையெழுத்து போடலாம்! 2011இல் டிஜிநோட்டார் என்ற டச்சு நிறுவனத்துக்குள் யாரோ புகுந்து, கூகுள் பெயரிலேயே போலிச் சான்றிதழ் எடுத்தார்கள். சான்றிதழ் வழங்குவதே அந்த நிறுவனத்தின் தொழில். ஜூலையில் தெரிந்தும் வெளியே சொல்லவில்லை. ஆகஸ்ட் கடைசியில் குட்டு உடைந்தது. அந்த நிறுவனத்தின் சான்றிதழ்களைப் பிரவுசர்கள் எல்லாம் ஒதுக்கித் தள்ள, செப்டம்பரில் திவால்.

சித்தப்பா: பயமுறுத்தாதே. இதோ ரத்து செய்யும் பக்கத்தைத் திறந்துவிட்டேன். இங்கேயும் பாஸ்வேர்டு கேட்கிறது. இதற்கு நான் வைத்தது உன் சித்தியின்

கவிதா: இங்கே எழுதாதீர்கள் சித்தப்பா!!