நாளைக்கு டூட்டியா, ஆஃபா? கடை வேலையில் ஷிப்ட் விவரம் ஒழுங்காகச் சொல்லாததால் உங்களுக்கு நடந்தது என்ன?

பில்லிங் அக்கா:
தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் பில்லிங் பார்க்கிறேன். தீபாவளி சீசன் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் புரை ஆபரேஷனுக்குச் செவ்வாய்க்கிழமை தேதி கொடுத்திருந்தார்கள். எனக்கும் செவ்வாய்தான் வார ஆஃப். அதற்கு முந்தைய வாரமே சூப்பர்வைசரிடம் சொன்னேன். ஆஃப் நோட்டில் அவரே என் பெயரை எழுதினார்.

திங்கள் ராத்திரி பத்தரைக்குக் கடை விட்டு வந்து, அம்மாவின் ரிப்போர்ட்டெல்லாம் எடுத்துவைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். பதினொன்றேகாலுக்குக் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கிறது. "நாளையிலேருந்து தீபாவளி வரைக்கும் யாருக்கும் ஆஃப் கிடையாது. எல்லாரும் ஒன்பதரைக்கு ஃப்ளோர்ல இருக்கணும்." நான் அதைக் கேட்டது மறுநாள் காலை ஆஸ்பத்திரி வரிசையில். அதுவும் "கவுண்டர் காலியா கிடக்குது, எங்கம்மா இருக்கே?" என்று சூப்பர்வைசர் ஃபோனில் கத்தின பிறகு.

புதன்கிழமை போனதும் நோட்டைக் காட்டச் சொன்னேன். என் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் தேதி இல்லை, யார் அடித்தார்கள் என்று கையெழுத்து இல்லை. எப்போது சார் அடித்தீர்கள் என்றால், "அதான் குரூப்ல போட்டாச்சே" என்கிறார். ஒரு நாள் சம்பளம் போச்சு, அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸும் போச்சு. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். ஸ்கேல் வைத்து நேராக அடித்த அந்தக் கோடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அன்னூர் தம்பி:
அக்கா, உங்களுக்காவது மெசேஜ் என்று ஒன்று வந்தது. எனக்கு அதுவும் இல்லை.

கோயம்புத்தூரில் சூப்பர் மார்க்கெட், பிரேக் ஷிப்ட். காலை 7 மணியிலிருந்து 11 வரை, திரும்ப மாலை 4 மணியிலிருந்து 9 வரை. ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஏழுக்குள் பஞ்ச் வைக்க முடியும். அன்றைக்கு ஆறே முக்காலுக்கே போய்விட்டேன். ஷட்டர் இறங்கியே கிடக்கிறது. வெளியே பால் டப்பாக்கள் அடுக்கியிருக்கின்றன, ரொட்டி வண்டிக்காரர் சரக்கை இறக்கிவிட்டுக் கையெழுத்துக்கு ஆள் தேடுகிறார். வாட்ச்மேன் தாத்தா டீ கிளாஸோடு வந்து, "இன்னிக்கு ஸ்டாக் எடுப்பு தம்பி, பத்தரைக்கு மேலதான் திறப்பாங்க. உங்களுக்குச் சொல்லலையா?" என்றார்.

ரொட்டிக்காரருக்குத் தெரிந்திருந்தது, வாட்ச்மேனுக்குத் தெரிந்திருந்தது. உள்ளே வேலை பார்க்கிற எனக்குத் தெரியவில்லை. ஊருக்குப் போய்த் திரும்ப நேரம் இல்லை, படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். பத்தரைக்கு வந்த மேனேஜர் என்னைப் பார்த்து, "சீக்கிரமே வந்துட்டியா, நல்லது, அந்த டப்பாவை உள்ளே எடுத்து வை" என்றார். உட்கார்ந்திருந்த நேரம் சம்பளத்தில் சேரவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

முன்னாள் ஃப்ளோர் மேனேஜர்:
இரண்டு பேர் சொன்னதும் வருத்தமாக இருக்கிறது. ஆனால் மேனேஜர் பக்கமும் ஒருவர் பேச வேண்டும். நான் பல வருடம் அந்த நாற்காலியில் இருந்தவன். ஆடித் தள்ளுபடி எந்தத் தேதியில் தொடங்கும் என்பது ஹெட் ஆபீஸிலிருந்து எனக்கே முந்தின நாள் சாயங்காலம்தான் வரும். வந்த பிறகு சேல்ஸ், பில்லிங், டெலிவரி, குடோன் என்று எல்லாருக்கும் சொல்லி முடிக்க ராத்திரி பதினொன்று ஆகிவிடும். அதற்குள் சம்பளம் வாங்கின கையோடு நான்கு பேர் சொல்லாமல் வேலையை விட்டு நின்றிருப்பார்கள். அந்த ஓட்டையை அடைக்க ஆஃபில் இருப்பவரைத்தான் கூப்பிட்டாக வேண்டும். என்னையும் ஒரு தடவை, மகன் ஸ்கூல் ஆண்டு விழாவில் இருந்தபோது கூப்பிட்டார்கள். மேடையில் அவன் பேர் வரும்போது நான் பைக்கில் போய்க்கொண்டிருந்தேன்.

பில்லிங் அக்கா, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஆஃப் கேட்கும்போது வாயால் கேட்காதீர்கள், வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். அவர் "சரி" என்று போட்டதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். ஆஃபுக்கு முந்தின நாள் மத்தியானம் ஒரு ஞாபகப்படுத்தல் போடுங்கள். ஆஸ்பத்திரி சீட்டின் போட்டோவையும் அதோடு அனுப்புங்கள். கடை விட்டுக் கிளம்பும்போது நோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள். உங்களுக்குப் பதில் நிற்கத் தோழி ஒருத்தியை நீங்களே பேசிவைத்துக்கொண்டு போனால் மேனேஜர் மறுக்கவே மாட்டார். தம்பி, நீங்கள் முதல் நாள் சாயங்காலம் குரூப்பில் "காலை ஏழு மணிதானே சார்?" என்று ஒரு வரி போட்டுவைக்கலாம். பதில் வராவிட்டாலும் கேட்டதற்குச் சாட்சி இருக்கும்.

பரமக்குடி பொண்ணு:
மேனேஜர் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஃப்ளோரில் எங்களை ஃபோன் வைத்துக்கொள்ள விடுவதில்லை. காலையில் லாக்கரில் வைத்தால் ராத்திரிதான் கையில் கிடைக்கும். மத்தியானம் ஞாபகப்படுத்தச் சொல்கிறீர்களே, எதில் போடுவது? பதிலுக்கு ஆள் பார்ப்பதும் எங்கள் வேலை என்றால் சூப்பர்வைசர் எதற்கு?

நான் கடை ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தவள். பொங்கலுக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் வேண்டுமானால் 60 நாள் முன்னாடி எடுக்க வேண்டும், திறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். எங்களுக்கு லீவு உண்டா இல்லையா என்பதே போகிக்கு முந்தின நாள் ராத்திரிதான் தெரியும். மெஸ் கதவில் ஒரு பேப்பர் ஒட்டுவார்கள். அத்தனை பேரும் அந்தக் கதவை நெருக்கிக்கொண்டு, பின்னால் நிற்கிறவர்கள் "என் பேர் இருக்கா பாரு, என் பேர் இருக்கா பாரு" என்று கத்துவார்கள். அந்த வருஷம் என் பெயர் இருந்தது, மூன்று நாள் என்று போட்டிருந்தது. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் டிரைவர் பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து திருச்சி வரை வந்தேன்.

வீட்டு வாசலில் அப்பா பெட்டியை வாங்கிக்கொண்டிருக்கிறார், ஃபோன் வருகிறது. "லிஸ்ட் மாத்திட்டோம்மா, உனக்கு ஒரு நாள்தான். நாளை மறுநாள் காலையில் கடையில் இருக்கணும்." அப்பா ஒன்றும் பேசாமல் திரும்ப பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கத் தெருமுனைக்குப் போனார். பொங்கல் வைத்ததும் கிளம்பிவிட்டேன். கரும்புகூட வெட்டவில்லை.

ஹெட் ஆபீஸ் லேட் என்கிறீர்கள். தை 1 எப்போது வரும் என்று காலண்டரில் போன வருஷமே போட்டிருக்கிறது, சார்.

முன்னாள் ஃப்ளோர் மேனேஜர்:
ஃபோன் லாக்கரில் இருக்கும் விஷயம் சரிதான், அம்மா. பண்டிகை லிஸ்டை ஒரு மாதம் முன்னால் போட்டிருக்க முடியும் என்பதும் சரி. ஆனால் தினசரி ஷிப்ட் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆள் நிலைத்து நிற்காத இடத்தில் எந்த ஷிப்ட் சார்ட்டும் நிற்காது.

தொழிற்சங்கத் தோழர்:
ஆள் ஏன் நிற்பதில்லை என்பதற்கு மேலே இருக்கிற மூன்று கதையும் போதும். நாளைக்கு வேலையா இல்லையா என்று தெரியாத இடத்தில் யார் நிற்பார்கள்?

என் அனுபவம் சின்னது. 2024 ஏப்ரல் 19, லோக்சபா ஓட்டுப்பதிவு. முந்தின நாள் சம்பளத்தோடு லீவு என்றார்கள். காலையில் ஓட்டுச்சாவடி வரிசையில் நிற்கும்போது "ஓட்டுப் போட்டுட்டு பதினோரு மணிக்கு வந்துடுங்க" என்று ஃபோன். மை காயாத விரலோடு பயோமெட்ரிக்கில் வைத்தால் எடுக்கவில்லை, லேட் என்று எழுதிவிட்டார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவின்படி அன்றைக்குச் சம்பளத்தோடு விடுமுறை தந்தே ஆக வேண்டும்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், யாருக்காவது உதவும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947லிருந்தே இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நாலு மணி நேரம் தொடர்ந்து நின்றால் ஒரு மணி நேரம் ஓய்வு. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை, அந்த நாளுக்காகச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. ஓவர்டைம் என்றால் இரட்டைச் சம்பளம். அன்னூர் தம்பி, உங்கள் பிரேக் ஷிப்டுக்கும் கணக்கு உண்டு. நடுவில் எத்தனை மணி நேரம் விட்டாலும், முதல் பஞ்ச் முதல் கடைசிப் பஞ்ச் வரை 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு முடிந்தால் அது 14.

இதைவிட முக்கியமானது 2019 அரசாணை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள், 2022ல் நீட்டித்தார்கள். பேப்பரில் அனுமதிதான் பெரிதாக வந்தது, நிபந்தனைகள் பலருக்குத் தெரியாது. சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை கொடுக்க வேண்டும். இன்றைக்கு யார் யார் விடுமுறையில் இருக்கிறார்கள் என்ற விவரத்தைக் கடையில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் தினமும் வைக்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பெண்கள் வேலை பார்க்க எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். பில்லிங் அக்கா, சூப்பர்வைசர் மேஜைக்குள் இருந்த அந்த நோட்டு சுவரில் இருந்திருக்க வேண்டியது. தனியாகப் போய்க் கேட்காதீர்கள், நான்கைந்து பேர் சேர்ந்து எழுதித் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுங்கள். கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றும் 2021ல் சட்டம் வந்திருக்கிறது.

ஸ்காபரோவிலிருந்து:
கனடாவில் இதெல்லாம் இருக்காது என்று நினைத்துத்தான் வந்தேன். இங்கே துணிக் கடையில் பார்ட் டைம். ஷிப்ட் எல்லாம் ஆப்பில் வரும், ஆப்பிலேயே மாறும். ஒரு ஜனவரி காலை, மைனஸ் 15, இரண்டு பஸ் மாறிப் போய் கார்டு தேய்த்து உள்ளே நுழைந்து, கையுறை கழற்றி விரலில் உணர்ச்சி வந்து துணி மடிக்கத் தொடங்கியிருக்கிறேன். மேனேஜர் பெண் வந்து, கூட்டம் இல்லை, நீங்கள் போகலாம் என்று சிரித்த முகத்தோடு சொன்னார். ஆப்பைத் திறந்தால் அன்றைய என் கட்டமே காலி. முக்கால் மணி நேரச் சம்பளம் போட்டார்கள்.

நான் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் மூன்று மணி நேர விதி என்று ஒன்று இருக்கிறது. வழக்கமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கிற ஆளை வரவழைத்துவிட்டு, அதற்குள் திருப்பி அனுப்பினால் குறைந்தது மூன்று மணி நேரச் சம்பளம் தர வேண்டும். கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. கேட்டேன், அடுத்த சம்பளத்தில் பேச்சில்லாமல் சேர்த்துவிட்டார்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தேடிப்போய்க் கொடுக்கவில்லை. மேனேஜர் ஐயா, ஆப் வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று அங்கே யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நோட்டில் கோடாவது தெரியும், ஆப்பில் அழித்த தடயமே இருக்காது.

வேளச்சேரி டீம் லீடர்:
இன்னொரு கூட்டத்தை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். எங்கள் சூப்பர் மார்க்கெட்டில் காய்கறி செக்‌ஷனில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் பையன்கள். குரூப்பில் மேனேஜர் போடுவது முழுக்கத் தமிழ் வாய்ஸ் மெசேஜ். எழுத்தாக இருந்தாலாவது ஃபோனில் மொழி மாற்றிப் படித்துக்கொள்வார்கள், குரலை என்ன செய்வார்கள்?

ஒடிசாப் பையன் ஒருவன், தங்கமான வேலைக்காரன். அவனுடைய ஆஃபை வியாழனிலிருந்து புதனுக்கு மாற்றியதைக் குரலில் போட்டிருந்தார்கள். அவன் புதன்கிழமை வந்து தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தான், யாரும் தடுக்கவில்லை. வியாழன் ரூமில் தூங்கினான். மாதக் கடைசியில் வியாழனுக்கு ஆப்சென்ட், புதனுக்கு ஒன்றும் இல்லை. சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, அந்த இரண்டு தேதிகள் மேலும் மாறிமாறி விரலை வைத்துக் காட்டினான். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். சொல்ல நியாயமாக ஒன்றுமே இல்லை.

மேனேஜரிடம் போய், தேதியையும் நேரத்தையும் எண்ணாக எழுதிப் போடுங்கள் சார், எண் எல்லாருக்கும் புரியும் என்று கேட்டேன். ஒரு வாரம் போட்டார், அப்புறம் பழையபடி குரல்தான். இப்போது ராத்திரி மெசேஜ் வந்ததும் நான் கேட்டு, பெயருக்கு நேரே எண்களை எழுதி, பையன்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். புதன்கிழமைச் சம்பளம் இன்னும் வரவில்லை. தோழரே, அந்த உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க ஒடிசா ஆதார் போதுமா, அல்லது கடை அடையாள அட்டையும் கேட்பார்களா? தெரிந்தால் சொல்லுங்கள், திங்கட்கிழமை அவனோடு நானும் போகிறேன்.